குட்கிக் குழியில் முளைத்த பார்லி

அம்மன் திருநாளான நந்தாஷ்டமியன்று விடிந்ததும் சுர்தோலி ஊரிலிருந்து மலையேறியவர்கள் ஐந்து பேர்.

குஷால் சிங், வனக் குழுத் தலைவர். அதிகம் பேசமாட்டார். பேசிவிட்டால் அதற்கு மேல் ஊரில் பேச்சில்லை.

உமேத் சிங், நந்தாதேவியின் பூசாரி. அந்த வருஷத்து முதல் வேரைத் தோண்டும் கொத்து அவர் தோளில் இருந்தது.

ஹர்மல் சிங், ஊர் தோண்டுகிற வேரையெல்லாம் வாங்கிக் கீழே மண்டியில் விற்பவன். செருப்பில்லாமல் நடந்து பழக்கம் விட்டுப்போனதால் கல்லுக்குக் கல் முகம் சுளித்துக்கொண்டு வந்தான்.

தேபுலி, புருஷனைப் பனிச்சரிவுக்குக் கொடுத்தவள். அதற்குப் பிறகு யாருக்கும் பயப்படுவதை நிறுத்திவிட்டவள்.

சரூலி, லச்சம் சிங்கின் மனைவி. அந்த வருஷம் அவர்கள் வீட்டு முறை, லச்சம்தான் வந்திருக்க வேண்டும். அவன் கோவேறு கழுதைகளோடு கீழ்ப் பள்ளத்தாக்குக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. வீட்டு முறை தவறக் கூடாது என்று அவள் வந்தாள். மழை மாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தவள். ஏற்றத்தில் இன்னும் மூச்சு வாங்கியது.

ஐவரும் வெறுங்காலில்தான் ஏறினார்கள். புல்வெளி தொடங்குகிற இடத்தில் செருப்பைக் கழற்றிக் கல்லுக்கடியில் செருகிவிட வேண்டும். சிவப்புத் துணி உடுத்தக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது, விசிலடிக்கவே கூடாது. மேலே ஆச்சரிகள் என்கிற மலை மோகினிகள் உலவுகிறார்கள். சத்தம் கேட்டால் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதை நம்பாதவர்களும் அங்கே மெதுவாகத்தான் பேசினார்கள்.

குட்கி தரையோடு ஒட்டிக்கொண்டு வளரும் செடி. ஓரம் பல்பல்லாக வெட்டிய இலைகள் மண்ணில் அப்பிக் கிடக்கும். நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு காம்பு எழும்பி, நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு பூக்கதிரைத் தூக்கிப் பிடிக்கும். பார்க்க அதில் ஒன்றுமில்லை. தெற்கே நாட்டு மருந்துக் கடைகளில் கடுகுரோகிணி என்று சுருங்கிக் கறுத்துக் கிடப்பது இதுதான். அது கேட்கிற இடத்தைக் கொடுப்பதுதான் கஷ்டம். வடக்குப் பார்த்த சரிவு வேண்டும். கல்லின் நிழல் பாதி நாள் விழ வேண்டும், முழு நாளும் விழக் கூடாது. மண்ணில் ஈரம் நிற்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்க வேண்டும். பனி பொய்த்த வருஷம் வெறும் குளிரிலேயே கருகிவிடும். ஆடு படுத்த மண் அதற்கு ஆகவே ஆகாது. புழுக்கை விழுந்த இடத்தில் அகல இலைக் களை மண்டும், குட்கி இடத்தைக் காலிசெய்துவிடும்.

மண்ணுக்கடியில் ஊர்ந்து போகிற தண்டைத்தான் எல்லோரும் வேர் என்கிறார்கள். அதற்குத்தான் விலை. அதைத் தோண்டினால் செடி செத்தது. அதனால் ஊர், மலையைப் பங்கு போட்டு வைத்திருந்தது. ஒரு சரிவைத் தோண்டினால் மீண்டும் பூ கல்லை மூடுகிறவரை அதைத் தொடக் கூடாது. திறந்த சரிவிலும் நந்தாஷ்டமிக்கு முன்னால் கொத்து படக் கூடாது, விதை முற்றி உதிர அத்தனை நாளாகும். தோண்டுகிறவர் கணுவுள்ள துண்டு ஒன்றை ஒடித்துத் திரும்பக் குழிக்குள் வைக்க வேண்டும். நந்தாவுக்குக் கூலியாக நாலு பார்லி மணி போட வேண்டும். புல்பற்றையைத் திருப்பி மூடி, வெறுங்குதிகாலால் அழுத்திவிட்டு அடுத்த செடிக்குப் போக வேண்டும். நந்தாஷ்டமிக்குப் பிறகு போடுகிற மணி முளைக்காது. அதற்குள் குளிர் இறங்கிவிடும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும்.

அந்த வருஷம் திறக்கவேண்டிய சரிவு மேலே இருந்தது. அதற்குப் போகிற வழி, ஓய்வில் கிடக்கும் கனார் சரிவின் ஓரமாகப் போகும். முன்னால் நடந்த உமேத் சிங் அங்கே நின்றுவிட்டார்.

சரிவின் நடுவில், இரண்டு பாறைகளுக்கு இடையே, பச்சையாகக் கொத்துக் கொத்தாக ஏதோ நின்றது. சுற்றியிருந்த புல் பழுக்கத் தொடங்கியிருந்ததால் அது கண்ணைப் பிடித்து இழுத்தது.

"இது புல்லு இல்லையே" என்றார் உமேத்.

குஷால் சிங் குந்தி உட்கார்ந்து ஒரு கொத்தைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார். புல்பற்றை வட்டமாகத் தனியே வந்தது. அடியில் குழி. குழிக்குள் சாய்த்து வைத்த தண்டுத் துண்டு. அது வேர்பிடித்து இரண்டு சின்ன இலை விட்டிருந்தது. பக்கத்தில் பார்லி முளை.

"யாரோ தோண்டியிருக்கான்" என்றான் ஹர்மல். "யாரோ என்ன, ஆட்டுக்காரன்தான். கீழ பட்டி போட்டு உக்காந்திருக்கானே பல்பீரு, அவன்தான்."

"ஆட்டுக்காரன் தோண்டினா பன்னி கிளறின மாதிரி கிடக்கும்" என்றாள் தேபுலி. "இது எப்படி மூடியிருக்கு பாரு. உங்க வீட்டு அடுப்பை இவ்வளவு சுத்தமா மெழுகி நான் பாத்ததில்ல."

"மெல்லப் பேசு போஜி" என்று அண்ணி முறைக்காரியை அடக்கினான் ஹர்மல்.

"மெல்லத்தான் பேசறேன். உன் காதுதான் பெருசு."

"அப்ப இந்த பார்லிக்கு என்ன சொல்றே? அவன் ஆட்டு முதுகுல பொதி ஏத்திட்டுப் போறான். பொதி ஓட்டை. சிந்தியிருக்கும். இல்ல, ஆட்டுப் புழுக்கையில முளைச்சிருக்கும்."

"புழுக்கை குழிக்குள்ள போய் உக்காந்து மேல புல்லை இழுத்துப் போத்திக்கிச்சா?"

ஆச்சரிகளுக்குப் பயந்து இருவரும் காற்றுக் குரலிலேயே சண்டை போட்டார்கள். குஷால் சிங் முதல் குழியைப் பழையபடி மூடினார். இன்னொரு குழியைத் திறந்தார், மூடினார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எடுத்தது பெரிதாக இல்லை, ஒரு தொப்பி கொள்ளும் அளவுதான் இருக்கும்.

சரூலியும் குனிந்தாள். முளையை விலக்கிப் பார்த்தாள். அடித்தண்டு மருதாணி வைத்த விரல்நுனிபோலச் சிவந்திருந்தது.

பக்கத்து முளையையும் விலக்கினாள். அதுவும் சிவப்பு.

ஊரில் எல்லோரும் விதைப்பது பொட்டலத்தில் வருகிற வெள்ளை பார்லி. அதன் முளை அடி முதல் நுனிவரை பச்சை. பழைய கறுப்பு பார்லியின் கால்தான் சிவக்கும். உமி கடினம், குத்திக் குத்திக் கை ஓய்ந்துவிடும் என்று ஒவ்வொரு வீடாக அதைக் கைவிட்டிருந்தது. சரூலியின் வீட்டு மரப்பெட்டியில் மட்டும் அது இன்னும் இருந்தது, லச்சமின் பிடிவாதத்தால். வெள்ளை பார்லி மாவில் வாசனை இல்லையாம்.

மழை மாதத்தில் அவளுக்குக் கண் மஞ்சளானது. பிறகு நகம். பிறகு சிறுநீர் கடுகெண்ணெய்போல இறங்கியது. கீழே போகும் பாதையை மண்சரிவு இழுத்துக்கொண்டு போயிருந்தது. இந்த நோய்க்குக் குட்கிதான் மருந்து என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஊரில் ஒரு வீட்டிலும் ஒரு துண்டு இல்லை. விலை ஏறியிருக்கிறது என்று ஹர்மல் அடிப்பெட்டித் தூள்வரை கூட்டி அள்ளிக்கொண்டு போய் விற்றிருந்தான். லச்சம் ஒரு நாள் விடியுமுன் கிளம்பினான். மறுநாள் சாயங்காலம் துணியில் முடிந்த வேரோடு வந்தான். வேர் ஈரமாக இருந்தது.

"எங்க கிடைச்சுது?"

"கிடைச்சுது. குடி."

பாதை உடைந்து கிடக்கையில் கீழே இருக்கிற வைத்தியரிடம் எப்படிப் போனான் என்று அவள் கேட்கவில்லை. காய்ந்த வேரைக் கழுவினால் தோலில் மட்டும்தான் ஈரம் இருக்கும், ஒடித்தால் உள்ளே வெள்ளையாகப் பால்போல இருக்காது என்றும் அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை. குடித்தாள். நாக்கில் பட்ட கசப்பு தொண்டை வழியாக இறங்கி வயிற்றில் உட்கார்ந்து, அடுத்த வேளைச் சோற்றிலும் இருந்தது. கண் வெளுத்தது. எழுந்து நடந்தாள்.

இப்போது தெரிந்துவிட்டது.

நிமிர்ந்தபோது தேபுலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேபுலியின் விரல்களுக்கிடையே ஒரு முளை இருந்தது. அதன் சிவந்த காலைக் கட்டைவிரலால் மறைத்துக் கிள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டாள்.

"இறங்கிப் போய்ப் பேசிக்கலாம்" என்றார் குஷால் சிங். "இப்ப பூசையை முடிப்போம்."

மேல் சரிவில் உமேத் முதல் வேரைத் தோண்டினார். துண்டை ஒடித்து வைத்து, மணி போட்டு, குதிகாலால் அழுத்தினார். அழுத்தும்போது அவர் முகம் கனார் பக்கம் திரும்பியது. வழக்கமாக அடிக்குரலில் பாடுகிற பாட்டை யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் குஷால் சிங் சட்டத்தைச் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொன்னார்.

"ஊர்க்காரனா இருந்தா வீட்டுக்குப் பூட்டு. அந்தக் குழி தூந்து மேல பூ மூடற வரைக்கும் அந்த வீட்டு ஆளு நாம குளிருக்கு இறங்கற கீழூரைத் தாண்டி ஏறக் கூடாது. வெளியாளா இருந்தா இந்த மலையில இனிக் கால் வைக்கக் கூடாது, அவனும் அவன் பிள்ளைகளும்."

பூ மூடுகிறவரை என்றால் எவ்வளவு காலம் என்று சரூலிக்குத் தெரியும். அவள் மணமாகி வந்த வருஷம் இப்படி ஒரு வீட்டைப் பூட்டினார்கள். அது திறந்தபோது, இப்போது கட்டிக்கொடுத்துவிட்ட அவளுடைய மகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்திருந்தது. பனி நன்றாகப் பெய்தால் சீக்கிரம். பொய்த்தால் அதற்கும் மேல். கெஞ்சியோ பணம் கட்டியோ அதை அவசரப்படுத்த முடியாது. அந்தச் செடி தன் இஷ்டத்துக்குத்தான் வளரும்.

பாறை இறக்கத்தில் தேபுலி பின்தங்கி அவளோடு சேர்ந்துகொண்டாள்.

"ஆம்பளைங்களுக்கு முளையைப் பாக்கத் தெரியாது" என்றாள். "களை எடுத்தாத்தானே தெரியும். நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல."

"அவன் என்கிட்ட சொல்லல அக்கா."

"சொல்லியிருந்தா குடிச்சிருக்க மாட்டியா?"

சரூலி கல் பார்த்துக் காலை வைத்தாள்.

"குடிச்சிருப்பே. நானும் குடிச்சிருப்பேன். அப்புறம் என்ன? பல்பீரு போனா போறான். போன வருஷம் உன் காட்டுப் பயிரை அவன் ஆடு மேஞ்சப்ப, 'ஆட்டுக்கு ஊர் எல்லை தெரியுமா'ன்னு சிரிச்சானே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. பல்பீர் நல்லவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கம்பளி எடையில் ஏமாற்றுவான்; குடித்தால் நாயை அடிப்பான்.

மறுநாள் நந்தா கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. குளிர்காலத்துக்குக் கீழூர் இறங்க இன்னும் சில வாரங்கள் இருந்ததால் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. பெரிய பாத்திரத்தில் உப்புத் தேநீர் கொதித்தது. துக்க வீடுபோல ஆளுக்கொரு கிண்ணத்தோடு பேசாமல் குடித்தார்கள். பல்பீரை அழைத்து வந்திருந்தார்கள். அவன் படிக்குக் கீழே, ஆட்டு ரோமம் ஒட்டிய கோட்டோடு நின்றான். அவனுக்கு யாரும் கிண்ணம் கொடுக்கவில்லை.

"கனார்ல நீ ஏறினதை என் கண்ணால பாத்தேன்" என்றான் ஹர்மல்.

"ஏறினேன். ஆடு ஒண்ணு ஏறிடுச்சு. இறக்கப் போனேன்."

"கொத்து எடுத்துட்டு ஆடு இறக்கப் போனியா?"

"கொத்து எங்கிட்ட ஏது சேட்டு? கொத்தும் நிலமும் உங்ககிட்ட இருக்கு. எங்கிட்ட இருக்கறது கம்பும் நாயும்."

சிலர் சிரித்தார்கள். குஷால் சிங் நிமிர்ந்ததும் சிரிப்பு நின்றது.

"குழியில பார்லி இருந்துச்சு. உன் பொதியில பார்லி உண்டா இல்லையா?"

"உண்டு. ஆனா நானே சத்துமாவுக்கு மணி எண்ணித் திங்கறேன். அதைக் குழியில போட எனக்கென்ன பைத்தியமா? நந்தா உங்க சாமி. எங்க ஊர்ல நாங்க கும்பிடறது வேற."

"சிந்தியிருக்கும்" என்றான் ஹர்மல்.

"சிந்தியிருக்கலாம்" என்றார் இன்னொருவர்.

"சிந்தத்தான் செய்யும். பழைய பொதி."

இப்படியே ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சரூலி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. துண்டை ஒடித்து வைத்திருந்தது, மூடியிருந்தது, குதிகால் பட்டிருந்தது, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல்பீர் என்று முடித்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பல்பீரின் முகத்திலும் அது தெரிந்தது. இனி வாதாடிப் பயனில்லை என்று கண்டவன்போல அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பட்டியைப் பிரித்தால் குளிருக்கு முன் புது மேய்ச்சல் கிடைக்காது. பாதி ஆட்டை விற்க வேண்டும். அதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

உமேத் சிங் தொண்டையைச் செருமினார்.

"ஒரு ஆளை மலையை விட்டு அனுப்பறதுன்னா நந்தா முன்னால வீட்டுக்கு ஒருத்தர் வாக்குச் சொல்லணும். அதை விட்டுட்டு நான் மணி அடிக்க மாட்டேன்."

"அதுக்கு இப்ப என்ன அவசியம்?" என்றான் ஹர்மல்.

"அவசியம்னு உன்னைக் கேக்கல."

நேற்று தோண்டிய முதல் வேர் தாம்பாளத்தில் இருந்தது. உமேத் அதைச் சிறுசிறு துண்டாக நறுக்கினார். படியேறி, ஒரு துண்டை எடுத்து மென்று விழுங்கி, 'என் வீட்டுக் கை கனார்ல படல' என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். கீழ் வரிசை வீடுகள் முதலில். ஒவ்வொருவராக ஏறினார்கள். மென்றவர்கள் முகம் கோணியது. ஒரு கிழவர் துப்பப் பார்த்து, உமேத் முறைத்ததும் விழுங்கினார். ஹர்மல் மென்றான், சொன்னான், இறங்கியதும் ஓடிப்போய்த் தேநீரால் வாய் கொப்பளித்தான். தேபுலி மென்றாள். "என் வீட்ல கையே ரெண்டுதான். ரெண்டும் படல" என்றாள்.

"லச்சம் வீடு."

சரூலி எழுந்தாள். படிவரைக்கும் போனாள். பொய் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தாள். இறங்கி வந்த தேபுலி அவள் தோளில் இடித்துக்கொண்டு போனாள், 'சொல்லித் தொலை' என்பதுபோல. லச்சம் வந்த பிறகு அவனோடு பேசி என்ன செய்வதென்று பார்க்கலாம். பல்பீரை நினைத்து அவளுக்கு நெஞ்சு ஒன்றும் உருகவில்லை. நந்தா கண்ணைப் பிடுங்கிவிடுவாள் என்ற பயமும் அவ்வளவு இல்லை.

தாம்பாளத்திலிருந்து துண்டை எடுத்தாள். ஒடித்த இடத்தில் வெள்ளையாக, பால்போல இருந்தது. வாசனை மூக்கில் ஏறியது. படுக்கையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாட்கள், கிண்ணத்தை வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த அவன் கை, அந்தக் கையின் நகத்துக்கடியில் இருந்த கறுப்பு மண். அந்த மண்ணை அன்றைக்கே பார்த்திருந்தாள். செத்துப்போகாமல் இருப்பதற்காக விழுங்கிய அதே கசப்பை விழுங்கிக்கொண்டு, இது என் வாயில் பட்டதே இல்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

துண்டைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தாள்.

"என்ன?" என்றார் உமேத்.

"நான் மாட்டேன்."

முற்றத்தில் யாரோ கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

குஷால் சிங் அவளுக்கு மூத்த மைத்துனர் முறை. லச்சமின் பெரியப்பா மகன். அவர் முன் அவள் இதுவரை முக்காட்டை எடுத்துப் பேசியதில்லை. இப்போதும் எடுக்கவில்லை.

"அந்த பார்லி எங்க வீட்டுது ஜேட்ஜ்யூ. கறுப்பு பார்லி. கால் செவப்பா இருக்கும். பெட்டியைத் திறந்து பாத்துக்குங்க."

"தோண்டினது யாரு?"

"நான் படுத்துக் கிடந்தேன். நான் தோண்டல. தின்னது நான்."

"நீ ஊர்ச் சொத்தைத் தின்னுட்டு..." என்று ஹர்மல் ஆரம்பித்தான்.

"ஆமா, தின்னேன். பொழச்சேன். நீ துடைச்சு அள்ளிட்டுப் போகாம இருந்திருந்தா பழைய வேரைத் தின்னிருப்பேன்."

ஹர்மல் குஷால் சிங்கைப் பார்த்தான். குஷால் சிங் அவனைப் பார்க்கவில்லை.  லச்சமைச் சின்ன வயதில் தோளில் தூக்கி இந்த மலையைக் காட்டியவர் அவர்தான். ஒரு வார்த்தையில் இதை மழுப்பிவிட அவரால் முடிந்திருக்கும். நோயாளிக்கு எடுத்தது, ஒரு தொப்பி அளவு, அபராதம் போடுவோம் என்று சொன்னால் பாதி ஊர் தலையாட்டியிருக்கும். மற்ற பாதி அடுத்த வருஷம் ஆளுக்கொரு நோயாளியைக் காட்டும். அதையும் அவர் யோசித்திருக்க வேண்டும்.

"பூட்டு" என்றார். "லச்சம் வந்ததும்."

பல்பீர் இன்னும் படிக்குக் கீழேயே நின்றிருந்தான்.

"அப்ப நான் போலாமா?"

"போ."

அவன் சரூலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாயை விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

லச்சம் வந்து சேர்ந்தபோது செய்தி அவனுக்கு முன்பே பாதையில் கிடைத்திருந்தது. கழுதைகளின் பொதியை அவிழ்த்தான். தண்ணீர் காட்டினான். உள்ளே வந்து அடுப்பருகே உட்கார்ந்தான். சரூலி ரொட்டி வைத்தாள். அவன் தொடவில்லை.

"நான் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்."

"அவனுக்காகவா சொன்னே? அந்தக் குடிகாரனுக்காகவா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

 அடுப்பில் சாணவறட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"நீ ஏன் பார்லியைப் போட்டே?" என்று கேட்டாள். "யாரும் பாக்கல. மழை. தோண்டினே, எடுத்தே, வந்திருக்கலாமே. மூடவேண்டியதும் இல்ல, மணி போடவேண்டியதும் இல்ல. ஆட்டுக்காரன் தலையிலயே போயிருக்கும்."

லச்சம் அவளைப் புரியாமல் பார்த்தான். கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை.

"போடாம எப்படித் தோண்டறது?" என்றான்.

 ரொட்டி ஆறிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் அதை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவள் பக்கம் தள்ளினான்.

ஊர் இறங்குவதற்கு முன்னாலேயே அவர்கள் இறங்க வேண்டியிருந்தது. கீழூரில் கோடையைக் கழிப்பது எப்படியிருக்கும் என்று சரூலிக்குத் தெரியாது. கோடையில் அங்கே கிழடுகளும் நாய்களும் கொசுவும்தான். கம்பளங்களைச் சுருட்டினாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். தறியைப் பிரிக்க மனமில்லாமல் கடைசிவரை வைத்திருந்து, பிறகு பிரித்தாள்.

தேபுலி வந்தாள். கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் நோட்டம் விட்டாள்.

"அந்தக் கறுப்பு சனியன் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு படி இருக்கும்."

"கீழ கொண்டுபோனா புழுத்துப்போகும். அங்க அது முளைக்கவும் முளைக்காது. இங்க குடு. என் காட்டு ஓரத்துல ஒரு பாத்தி போட்டு வைக்கிறேன்."

"உமி குத்தறதுக்குள்ள செத்துடுவேன்னு சொல்லுவியே."

"குத்தறேன்னு யாரு சொன்னா? விதைக்கு மட்டும். திங்கமாட்டேன்." முந்தானையை விரித்துப் பிடித்தாள். "நீ பண்ணினதுக்கு உன்னை நான் திட்டாத நாளில்ல, தெரியுமா?"

"தெரியும்."

"உன் முன்னால திட்டினாத்தான் மனசு ஆறும்னு வந்தேன். இப்ப திட்டவும் வரல. போடு, கை வலிக்குது."

சரூலி பெட்டியைச் சாய்த்துக் கொட்டினாள். கடைசி மணிகளை மரச்சந்திலிருந்து விரலால் தட்டி எடுத்தாள்.

அன்று காலை மலைமேல் முதல் பனி தூவியிருந்தது. கனார் பக்கம் வெள்ளை பிடிக்கத் தொடங்கியிருந்தது. லச்சம் கழுதைகளை ஓட்டிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டான். பூட்டுவதைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பொதி வாரைச் சரிசெய்கிற வேலை இருக்கிறது, பாலத்துக்கிட்டே நிற்கிறேன் என்றான்.

குஷால் சிங் தனியாக வந்தார். கையில் வனக் குழுவின் பெரிய இரும்புப் பூட்டு. வாசலில் நின்று செருமினார். தம்பி மனைவி தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர் வரமாட்டார்.

"அடுப்பு அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு ஜேட்ஜ்யூ."

"உள்ள ஏதாவது விட்டுப்போச்சா?"

அவள் திரும்பி ஒருமுறை பார்த்தாள். சுவரில் கம்பளம் தொங்கிய இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல."

மூட்டையை முதுகில் ஏற்றி நெற்றிப் பட்டையைச் சரிசெய்துகொண்டு நிலைக்குக் குனிந்து வெளியே வந்தாள். இரண்டடி நடந்தாள். அவர் அவள் பின்னால் கதவை இழுத்துச் சாத்தினார். கதவு ஈரத்தில் ஊதியிருந்ததால் தோளால் ஒருமுறை முட்டித் தள்ளவேண்டியிருந்தது. பிறகு சங்கிலியை மாட்டிப் பூட்டினார்.